லெட்யூஸ் இலையில் சுடச்சுடக் கோழி: வாசகர் கேள்வி பதில்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல் என்று மலைப்பக்கத்திலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பண்டத்தைப் பற்றித்தான். சூடான கோழிக் கைமாவைக் குளிர்ந்த லெட்யூஸ் இலையில் வைத்து மடித்துச் சாப்பிடுகிற சிக்கன் லெட்யூஸ் ராப். எனக்கு இதில் ரொம்பச் சந்தோஷம். இந்த இலை நம் கண்ணெதிரே விளைகிறது, பெட்டி பெட்டியாக மலை இறங்கிப் பெரிய ஊர் ஓட்டல்களுக்குப் போகிறது, நாமோ சந்தைக்குப் போனால் கேரட்டும் பீன்ஸும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். விளைகிற ஊர்க்காரர்கள் சாப்பிட ஆரம்பிக்க வேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அக்கா, எங்கள் ஊரைச் சுற்றித் தோட்டத்திலேயே சைனீஸ் காய்கறி போடுகிறார்கள். லெட்யூஸ் சும்மா கேட்டாலே இரண்டு கொடுப்பார்கள். ஆனால் செய்முறை பார்த்தால் ஹாய்சின் சாஸ், வாட்டர் செஸ்ட்நட், ரைஸ் வினிகர் என்று என்னென்னவோ வருகிறது. நம் வீட்டில் இருப்பதை வைத்துச் செய்ய முடியாதா? (வாசகி, கோத்தகிரி)

தாராளமாக முடியும். அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் மாற்று தானாகவே கிடைத்துவிடும். வாட்டர் செஸ்ட்நட் என்கிற நீர்க்கிழங்கு எதற்கு? வெந்த பிறகும் கறுக்கென்று கடிபட. அந்த வேலையை நம் நூக்கல் அழகாகச் செய்யும், பச்சையாகவே இனிப்பாக இருக்கிற பிஞ்சு நூக்கலாகப் பாருங்கள். அது இல்லையென்றால் டர்னிப், அதுவும் இல்லையென்றால் முட்டைக்கோஸின் நடுத்தண்டைத் தோல் சீவிப் பொடியாக நறுக்கிப் போடலாம், நாம் தூக்கிப்போடுகிற பகுதி அது. மேரக்காய் (சௌசௌ) வேண்டாம், தண்ணீர் விட்டுவிடும். ஹாய்சின் சாஸ் என்பது சோயா பருப்பை நொதிக்க வைத்துப் பூண்டும் சர்க்கரையும் சேர்த்த இனிப்புச் சாந்து. சோயா சாஸ், வெல்லப்பொடி, கொஞ்சம் வறுத்த வேர்க்கடலை அரைத்தது, பூண்டு, வினிகர், இவ்வளவையும் கலந்தால் கிட்டத்தட்ட அந்த இடத்துக்கு வந்துவிடுவோம். அச்சு அசல் அதே சுவை என்று சொல்ல மாட்டேன், நன்றாக இருக்கும் என்று சொல்வேன். ரைஸ் வினிகர் புளிப்புக் குறைந்தது, அதனால் சாதாரண வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் போதும்.

நான்கு பேருக்குக் கணக்கு சொல்கிறேன். எலும்பு நீக்கிய கோழித் தொடைக்கறி அரைக் கிலோ. நெஞ்சுக்கறி வேண்டாம் என்று இல்லை, ஆனால் பொடியாக நறுக்கி வதக்கும்போது சீக்கிரம் வறண்டு போகும், தொடையில் இருக்கிற கொழுப்பு காப்பாற்றும். கடையில் மிஷினில் அரைத்து வாங்குவதைவிடக் கறியை ஃப்ரீஸரில் அரை மணி நேரம் வைத்து, கொஞ்சம் இறுகியதும் கத்தியால் பொடியாகக் கொத்துங்கள். அரைத்த கைமா கடாயில் கட்டி கட்டியாகச் சேர்ந்துகொள்ளும், கொத்தியது உதிரியாக நிற்கும், இலையில் வைத்துக் கடிக்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். நாட்டுக்கோழி இதற்குச் சரிப்படாது, இவ்வளவு குறைந்த நேரத்தில் அது வேகாது.

கொத்திய கறியில் ஒரு தேக்கரண்டி சோயா சாஸ், ஒரு தேக்கரண்டி சோளமாவு (கார்ன்ஃப்ளோர்), ஒரு தேக்கரண்டி எண்ணெய் போட்டுப் பிசறிக் கால் மணி நேரம் வையுங்கள். அதற்குள் நறுக்க வேண்டியதை எல்லாம் நறுக்கிவிடலாம். ஒரு வெங்காயம், ஒரு துண்டு இஞ்சி, பூண்டு, பட்டன் காளான் ஒரு பாக்கெட், நூக்கல் ஒன்று, வெங்காயத்தாள் ஒரு பிடி. பூண்டு எத்தனை பல் என்று நான் எண்ணிச் சொல்லாததற்குக் காரணம், மலைப்பூண்டுக்குக் காரம் அதிகம், கீழ்நாட்டுப் பூண்டு ஆறு பல் போடுகிற இடத்தில் மூன்று போதும். இன்னொரு கிண்ணத்தில் சாஸைக் கலந்து தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: சோயா சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, தண்ணீர் கலந்த வினிகர் ஒரு மேசைக்கரண்டி, வெல்லப்பொடி ஒரு மேசைக்கரண்டி, அரைத்த வேர்க்கடலை ஒரு தேக்கரண்டி, இடித்த மிளகு அரைத் தேக்கரண்டி. தனியாக ஒரு தேக்கரண்டி சோளமாவை இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரில் கரைத்து வையுங்கள். உப்பு போடாதீர்கள், சோயா சாஸிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறது.

இப்போது அடுப்பு. இரும்புக் கடாய் இருந்தால் அதுதான் நல்லது, நம் குளிரில் அது காய நேரம் எடுக்கும், பொறுமையாகக் காயவிடுங்கள். லேசாகப் புகை எழும்பும்போது எண்ணெய் ஊற்றிப் பாதிக் கறியை மட்டும் போட்டுப் பரப்பிவிட்டு ஒரு நிமிஷம் கையை வைத்துக்கொண்டு சும்மா நில்லுங்கள், கிளறக்கூடாது. பிராய்லர் கறி தண்ணீர் விடும், எல்லாவற்றையும் ஒரே தடவையில் போட்டால் கடாயின் சூடு இறங்கி அந்தத் தண்ணீரிலேயே கறி வெந்து வெளிறிப்போகும். அடிப்பக்கம் பொன்னிறமானதும் புரட்டி, வெந்ததும் எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு மீதிக் கறியையும் இதே மாதிரி செய்யுங்கள். அப்புறம் அதே கடாயில் காளான். அது தண்ணீர் விட்டு, விட்ட தண்ணீர் சுண்டி, ஓரம் சிவக்கும்வரை விடுங்கள். பிறகு வெங்காயம், இஞ்சி, பூண்டு. பச்சை வாசனை போனதும் கறியைத் திரும்பப் போட்டு, சாஸை ஊற்றி, கொதித்ததும் சோளமாவுக் கரைசலைக் கலக்கி ஊற்றுங்கள். அரை நிமிஷத்தில் பளபளவென்று கறியில் ஒட்டிக்கொள்ளும். அடுப்பை அணைத்த பிறகுதான் நூக்கலும் வெங்காயத்தாளும். நூக்கலை முன்னாலேயே போட்டால் வதங்கிப்போய், எதற்காகப் போட்டோமோ அதுவே இல்லாமல் போய்விடும். கடைசியில் வறுத்த எள்.

ஒருவேளை வீட்டில் அரிசி சேமியா இருந்தால் ஒரு பிடி எடுத்து நன்றாகக் காய்ந்த எண்ணெயில் போடுங்கள், கண் இமைப்பதற்குள் வெள்ளையாகப் பொரிந்து மேலே வரும். இலையில் முதலில் அதைக் கொஞ்சம் வைத்து அதன்மேல் கறி வைத்தால் சாஸ் கீழே வழியாது, குழந்தைகளுக்கும் பிடிக்கும்.

நான் செய்தபோது கறி நன்றாகவே வந்தது. ஆனால் இலை எடுக்கும்போதே கிழிகிறது, மடித்துக் கடித்தால் தண்ணீர் முழங்கை வரை ஓடுகிறது. என்ன தவறு? எந்த லெட்யூஸ் வாங்க வேண்டும்? (வாசகி, குன்னூர்)

இலை ஈரமாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்தப் பண்டத்தில் பாதி வேலை இலையில்தான், கறியை யார் வேண்டுமானாலும் வதக்கிவிடலாம்.

சந்தையில் பொதுவாக மூன்று நான்கு வகை பார்க்கலாம். முட்டைக்கோஸ் மாதிரி உருண்டையாக இருப்பது ஐஸ்பெர்க். மொறுமொறுப்புக்கு அதை அடிக்க ஆளில்லை, ஆனால் இலை இறுக்கமாக ஒன்றையொன்று பிடித்திருப்பதால் பிரிக்கும்போது கிழியும். நீளமாக நிற்பது ரோமெய்ன், அதன் உள்ளிலைகளைப் படகு மாதிரி வைத்து நிரப்பலாம், மடிக்க வராது, நடு நரம்பு உடையும். தளர்வாக, ரோஜாப்பூப் போல விரிந்து, தொட்டால் மெத்தென்று இருப்பது பட்டர்ஹெட். மடிப்பதற்கு அதுதான் ராஜா, கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். சிவப்பாகச் சுருள் சுருளாக இருக்கும் லோலோ ரோசோ பார்க்க அழகு, சாலடுக்கு நல்லது, இதற்கு வேண்டாம், சுருளுக்குள் சாஸ் எல்லாம் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஐஸ்பெர்க்தான் கிடைத்தது என்றால் ஒரு வழி இருக்கிறது. அடித்தண்டு கீழே இருக்கும்படி பிடித்துச் சமையல் மேடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுங்கள். தண்டு உள்ளே உடைந்துவிடும், கையால் திருகினால் முழுசாக வந்துவிடும். அந்தக் குழியைக் குழாய்க்கு நேரே பிடித்துத் தண்ணீரை உள்ளே விடுங்கள். தண்ணீரின் பாரத்தில் இலைகள் ஒன்றையொன்று விட்டு விலகும், வெளியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினால் கிண்ணம் கிண்ணமாக முழு இலை கைக்கு வரும்.

கீழ்நாட்டில் இலையை ஐஸ் தண்ணீரில் போடச் சொல்வார்கள், நமக்கு அது தேவையே இல்லை, ஊட்டி, குன்னூர்க் குழாய்த் தண்ணீரே போதும். பத்து நிமிஷம் ஊறினால் வாடின இலைகூடத் தண்ணீரை இழுத்துக்கொண்டு விறைத்து நிற்கும். அதன் பிறகுதான் எல்லோரும் கோட்டை விடுகிற இடம். ஒவ்வொரு இலையையும் உதறி, சுத்தமான பருத்தித் துண்டில் பரப்பி, மேலே இன்னொரு துண்டைப் போட்டு ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள், ஒற்றுங்கள். விரல் வைத்தால் ஈரம் ஒட்டக்கூடாது. காய்ந்த இலையை அதே துணியில் சுற்றிப் பரிமாறும்வரை ஃப்ரிட்ஜிலோ, குளிர்காலமாக இருந்தால் சும்மா ஜன்னல் ஓரத்திலோ வையுங்கள்.

மடிக்கும்போது இலையின் குழிந்த பக்கம் மேலே. நடுவில் இரண்டு தேக்கரண்டி கறி, அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். வெற்றிலை மடிக்கிற மாதிரி இரண்டு ஓரத்தையும் உள்ளே தள்ளி, அடிப்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் கடித்துவிட வேண்டும். முன்கூட்டியே மடித்து அடுக்கி வைக்கிற வேலையே கூடாது, சூடும் உப்பும் பட்டதும் இலை துவள ஆரம்பித்துவிடும். இலை ஒரு தட்டில், கறி மூடி போட்ட பாத்திரத்தில், அவரவர் கையால் அவரவர் மடித்துக்கொள்ளட்டும். நம் ஊர்க் குளிரில் திறந்த தட்டில் வைத்த கறி சீக்கிரம் ஆறிக் கொழுப்பு உறைந்துவிடும், அதனால் கறிக்கு ஹாட்பாக்ஸ் நல்லது.

எல்லாச் செய்முறையிலும் கடைசியில் எள் எண்ணெய் ஊற்றச் சொல்கிறார்கள். நான் நல்லெண்ணெய் ஊற்றினேன், ஓட்டல் வாசனை வரவில்லை, இட்லிப்பொடி வாசனைதான் வந்தது. (வாசகர், கூடலூர்)

இரண்டுமே எள்தான், ஆனால் இரண்டும் வேறு. சீனா, ஜப்பான், கொரியா பக்கம் வாசனைக்காக ஊற்றுவது எள்ளை நன்றாகச் சிவக்க வறுத்த பிறகு பிழிந்த எண்ணெய், கரும்பழுப்பாக இருக்கும். நம் செக்கில் ஆட்டுவது வறுக்காத எள், கூடவே கருப்பட்டியோ வெல்லமோ போட்டு ஆட்டுவார்கள். நம் நல்லெண்ணெய்க்கு அதன் இடத்தில் ஈடே கிடையாது, இங்கே அதற்கு இடம் இல்லை. வறுத்த எள் எண்ணெய் கிடைத்தால் அரைத் தேக்கரண்டி, அதுவும் அடுப்பை அணைத்த பிறகு. சூட்டில் வாசனை பறந்துவிடும், அதில் வதக்கவே கூடாது. கிடைக்கவில்லையா, இரண்டு தேக்கரண்டி வெள்ளை எள்ளை வெறும் கடாயில் பொன்னிறம் தாண்டி இன்னும் ஒரு நிழல் கூடுதலாக வறுத்து, உரலில் சூட்டோடு சூடாக ஒன்றிரண்டாக இடித்துத் தூவுங்கள். நீங்கள் தேடுகிற வாசனை அதில் இருக்கிறது.

உங்கள் பக்கம் மிளகு நன்றாக விளைகிறதே, பாட்டில் சில்லி சாஸுக்குப் பதில் அதை அப்போதைக்கப்போது இடித்துப் போட்டுப் பாருங்கள். எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கிறது.

வீட்டு வாசலில் தொட்டியில் லெட்யூஸ் போட்டோம். இலை நன்றாக வந்தது, ஆனால் கசக்கிறது. கிள்ளினால் பால் வருகிறது. சாப்பிடலாமா? (வாசகி, கொடைக்கானல்)

பயப்பட வேண்டாம், லெட்யூஸுக்குப் பால் உண்டு. அந்தப் பாலில்தான் கசப்பும் இருக்கிறது. செடி இளசாக இருக்கும்போது குறைவாகவும், பூக்கத் தயாராகும்போது நிறையவும் வரும். நடுவிலிருந்து தண்டு விறுவிறுவென்று மேலே கிளம்பியிருக்கிறதா பாருங்கள். கிளம்பியிருந்தால் செடி பூவுக்குப் போகிறது, இனி என்ன செய்தாலும் கசப்புப் போகாது, பிடுங்கிவிட்டு அடுத்த விதையைப் போடுங்கள். வெயில் அதிகமாவதும் தண்ணீர் விட்டு விட்டு ஊற்றுவதும் இதைச் சீக்கிரம் வரவைக்கும். கொடைக்கானலே குளிர்ச்சிதான் என்றாலும் ஏப்ரல், மே மாதத்தில் சிமெண்ட் வாசலில் வைத்த தொட்டி நன்றாகச் சுடும், மதியத்துக்கு மேல் நிழல் விழுகிற இடத்துக்கு மாற்றுங்கள்.

விதை போடும்போது ஒன்று கவனியுங்கள். லெட்யூஸ் விதை முளைக்க வெளிச்சம் உதவும், ஆழமாகப் புதைத்தால் முளைக்காமல் போகலாம். மேலாகத் தூவி, மண்ணை லேசாகத் தட்டிவிட்டுப் பூவாளியால் தண்ணீர் தெளித்தால் போதும். உருண்டை பிடிக்கிற ஐஸ்பெர்க் தொட்டிக்கு அவ்வளவு ஏற்றதல்ல, நாளும் அதிகம் ஆகும். பட்டர்ஹெட்டோ இலை ரகமோ போட்டால் வெளி இலையை மட்டும் ஒடித்துக்கொண்டே இருக்கலாம், நடுவிலிருந்து புதிது வந்துகொண்டே இருக்கும். காலையில் ஒடியுங்கள், வெயில் ஏறிய பிறகு ஒடித்த இலை சீக்கிரம் வாடும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிற இரவுகளில் மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடிவிடுங்கள், இல்லையென்றால் விடிகாலையில் இலை கண்ணாடி மாதிரி ஆகி வெயில் பட்டதும் கருகிவிடும். மழைக்காலத்தில் நத்தைத் தொல்லை. இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்கிப் போடுவதுதான் நான் சொல்லக்கூடிய நல்ல வழி, சாப்பிடுகிற பச்சை இலைக்கு மருந்து அடிக்கச் சொல்ல எனக்கு மனசு வராது.

பச்சை இலையாகவே சாப்பிடுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மருந்து அடித்திருப்பார்களே, புழு இருக்குமே. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், அவளுக்குக் கொடுக்கலாமா? (வாசகி, ஊட்டி)

உங்கள் பயம் நியாயமானது, இதைச் சும்மா கழுவினால் சரியாகிவிடும் என்று தட்டிக்கழிக்க நான் தயாராக இல்லை. முதலில் வெளி இலை இரண்டு மூன்றைக் கழற்றிவிடுங்கள், மண்ணும் மருந்தும் அதிகம் படுவது அங்கேதான். மீதி இலைகளைத் தனித்தனியாகப் பிரித்த பிறகுதான் கழுவ வேண்டும், முழுசாகக் கழுவினால் உள்ளே இருப்பது எதுவும் போகாது. உப்புப் போட்ட தண்ணீரில் ஐந்து நிமிஷம் வைத்தால் இலைக்குள் ஒளிந்திருக்கிற சின்னப் புழு, பூச்சி வெளியே வந்துவிடும். அதற்கு மேல் வைத்தால் உப்புக்கு இலை துவளும். அப்புறம் ஓடுகிற தண்ணீரில் ஒவ்வொரு இலையாக, அடிநரம்பு சேருகிற இடத்தை விரலால் நீவிக் கழுவுங்கள். கழுவினால் அழுக்கும் மருந்தும் குறையும், கிருமி முழுதாகப் போகும் என்று உறுதி சொல்ல முடியாது, வேகவைத்தால்தான் அது சாகும்.

அதனால் மகளுக்கு இப்போது பச்சை இலை வேண்டாம். கர்ப்பமாக இருக்கும்போது லிஸ்டீரியா, டாக்ஸோபிளாஸ்மா மாதிரி மண்ணிலிருந்து வரக்கூடிய கிருமிகள் வயிற்றில் இருக்கிற பிள்ளையைப் பாதிக்கும், கழுவாத பச்சைக் காய், கீரை அதற்கு ஒரு வழி. அவளுக்கு மட்டும் சைனீஸ் கேபேஜ் இலையையோ முட்டைக்கோஸ் இலையையோ கொதிக்கிற தண்ணீரில் போட்டு நன்றாக வேகவைத்து எடுத்துத் தண்ணீர் வடித்து, அதில் சுடச்சுடக் கறியை வைத்துச் சுருட்டிக் கொடுங்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், கீழ்நாட்டில் வேகவைக்கிற நேரத்தைவிட ஒரு நிமிஷம் கூடுதலாக வைக்கலாம். ருசி குறையாது, அவள் தனியாக வேறு எதையோ சாப்பிடுகிற மாதிரியும் தோன்றாது. மற்றபடி என்ன சாப்பிடலாம் என்று அவள் டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும், பச்சைக் கறியைவிட இலையை நினைத்து நாம் அதிகம் பயப்படுகிறோம். கோழியைக் குழாயடியில் கழுவும்போது தெறிக்கிற தண்ணீர் பக்கத்தில் இருக்கிற இலைமேல் விழும். கறி நறுக்கின பலகையில், அதே கத்தியில் வெங்காயத்தாளை நறுக்குகிறோம். இந்தப் பண்டத்தில் இலை வேகாமல் வாய்க்குப் போகிறது என்பதால் இது ரொம்ப முக்கியம். முதலில் இலை வேலையை முடித்துத் துணியில் சுற்றித் தள்ளி வைத்துவிட்டு, அப்புறம் கறியைத் தொடுங்கள். கறிக்குத் தனிப் பலகை. கறி உள்ளே எங்கும் ரோஸ் நிறம் தெரியாமல் வெந்திருக்க வேண்டும், சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் 74 டிகிரி.

இது சீன உணவா, அமெரிக்க உணவா? நண்பர்களுக்குள் பந்தயம். (கல்லூரி மாணவர், ஊட்டி)

இரண்டு பேரும் பாதி ஜெயித்தீர்கள். கான்டன் பகுதிச் சமையலில் பொடியாகக் கொத்திய புறாக்கறியை வதக்கி லெட்யூஸ் இலையில் வைத்துச் சாப்பிடுகிற வழக்கம் உண்டு. கோழியை வைத்து, இப்போது உலகம் முழுக்கத் தெரிகிற வடிவத்தைப் பிரபலமாக்கியது அமெரிக்காவின் அரிசோனாவில் 1993-ல் தொடங்கிய பி.எஃப்.சாங்ஸ் என்ற உணவகம். கொரியாவில் சுட்ட கறியையும் சோற்றையும் இலையில் சுருட்டிச் சாப்பிடுவார்கள், லாவோஸில் எலுமிச்சையும் வறுத்து இடித்த அரிசியும் போட்ட கொத்துக்கறியை இலையோடு சாப்பிடுவார்கள். அந்த லாவோஸ் முறையையும் செய்து பாருங்கள், சோயா சாஸே வேண்டாம்.

இலை நம் மலைக்கு எப்படி வந்தது என்று கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷமாக எழுதியிருப்பேன். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறி வந்த பிறகுதான் ஐரோப்பியக் காய்கறிகள் இங்கே வேர் பிடித்தன. இன்றும் நீலகிரியில் கேரட், பீட்ரூட், கோஸை இங்கிலீஷ் காய்கறி என்றும், புரோக்கோலி, லெட்யூஸ், செலரியைச் சைனீஸ் காய்கறி என்றும் சொல்கிறார்கள். எங்கிருந்து வந்தால் என்ன, வளர்ப்பது நம் ஆட்கள், நம் மண்.

எனக்கு பிபி, மனைவிக்குச் சர்க்கரை. சோறு, சப்பாத்தி இல்லாமல் இலையில் சாப்பிடுவது நல்லது என்று மகன் சொல்கிறான். உண்மையா? (ஓய்வுபெற்ற வாசகர், வெலிங்டன்)

மனைவிக்கு நல்லது. இலையில் மாவுச்சத்து மிகக் குறைவு, கறியில் புரதம் இருக்கிறது, வெல்லத்தை ஒரு தேக்கரண்டியாகக் குறைத்துப் பொரித்த சேமியாவைத் தவிர்த்துவிட்டால் போதும். அவர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால் ஒரு வேளைச் சோற்றைத் திடீரென்று நிறுத்தும்போது சர்க்கரை ரொம்பக் கீழே இறங்கலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

உங்களுக்குத்தான் கவனம் வேண்டும். சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதுக்கும் சொல்கிற அளவே 2000 மில்லிகிராமுக்குக் கீழேதான். நான் மேலே சொன்ன கணக்கில் பிசறியதையும் சேர்த்தால் நான்கு பேருக்கு இரண்டு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு, ஆளுக்கு 400 மில்லிகிராமைத் தாண்டும். ஓட்டலில் இதைவிடத் தாராளமாக ஊற்றுவார்கள். வீட்டில் சோயா சாஸைப் பாதியாக்கி அந்த இடத்தில் எலுமிச்சைச் சாறும் மிளகும் பூண்டும் கூட்டுங்கள், காளானையும் கூடுதலாகப் போடுங்கள், நன்றாகச் சிவக்க வதக்கிய காளானுக்கே ஒரு கறிச்சுவை உண்டு. தொட்டுக்கொள்ள சாஸ் கிண்ணம் வைக்காதீர்கள், தனியாக உப்பு ஏறுவது அங்கேதான்.

நாங்கள் சைவம். சிக்கனுக்குப் பதில் பன்னீர் போடலாமா? (வாசகி, அருவங்காடு)

பன்னீர் வேண்டாம், இந்தச் சாஸோடு அது சேராது. காளானை இரண்டு பங்காக்குங்கள். டோஃபு (சோயா பன்னீர்) கிடைத்தால் துணியில் சுற்றி மேலே கனமாக எதையாவது வைத்துத் தண்ணீரைப் பிழிந்து, உதிர்த்து, நன்றாகச் சிவக்கும்வரை வறுத்துச் சேருங்கள். சோயா உருண்டையை ஊறவைத்துப் பிழிந்து மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றியும் போடலாம். கிண்ணத்தில் கலந்து வைக்கிற சாஸ், கடைசியில் நூக்கல், எல்லாம் அதேதான்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரு முழு ஐஸ்பெர்க் வாங்கினால் பாதி வீணாகிறது, இரண்டு நாளில் பழுப்புப் புள்ளி வந்துவிடுகிறது. (வாசகி, கேத்தி)

ஃப்ரிட்ஜில் பக்கத்தில் ஆப்பிள், வாழைப்பழம், பேரிக்காய் ஏதாவது வைத்திருக்கிறீர்களா? பழுக்கும்போது அவை விடுகிற எத்திலீன் வாயு பட்டால் லெட்யூஸில் துரு மாதிரிப் புள்ளி வரும். பேரிக்காய் காலத்தில் நம் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிற விஷயம். லெட்யூஸைப் பழத்தை விட்டுத் தள்ளி, அடித் தட்டில் வையுங்கள். கழுவாமல், வெட்டாமல், ஈரமில்லாத பருத்தித் துணியில் சுற்றி ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டால் ஒரு வாரம் தாங்கும். கத்தியால் பாதி வெட்டி வைக்காதீர்கள், வெட்டின இடம் முதலில் பழுப்பாகும், வேண்டிய இலையை வெளியிலிருந்து கழற்றிக்கொண்டே வாருங்கள்.

ராப்புக்கு ஆகாத கிழிந்த இலை, நடுவில் மிஞ்சுகிற சின்ன உருண்டை, இதையெல்லாம் சமைக்கலாம். கடாயில் எண்ணெய் காய்ந்ததும் நசுக்கிய பூண்டு இரண்டு பல், இலை, சில துளி சோயா சாஸ். ஒரு நிமிஷத்துக்கு மேல் அடுப்பில் இருக்கக்கூடாது. இலை சுருங்கி, நரம்பு மட்டும் மொறுமொறுப்பாக நிற்கும்போது இறக்கிவிடுங்கள், சூடான சோற்றோடு பிரமாதமாகப் போகும். மழை நாளில் கோழி சூப் வைத்தால் அடுப்பை அணைத்ததும் அதில் ஒரு கை கிழித்துப் போடுங்கள். மிஞ்சிய கறியை மறுநாள் திரும்பச் சூடாக்கி முட்டை ஊற்றிக் கிளறினால் இரண்டு பேருக்குக் காலை டிபன் ஆயிற்று, ஆனால் சமைத்த கறியை வெளியிலேயே விட்டு வைக்காமல் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள், ஊர் எவ்வளவு குளிராக இருந்தாலும் சரி.